கோடை நிழலும் கொப்பு முறிவும்

நமது கரையோரத்து ஊர்ப்பெயர்களை வடக்கிலிருந்து தெற்கு நோக்கி ஒருமுறை சொல்லிப் பார்ப்போர், ஒரு சிறு சோலையினூடு நடந்து வந்தவராவர். மருதமுனையில் மருது நிற்கின்றது. காரைதீவிற் காரை நிற்கின்றது. அங்கிருந்து சம்மாந்துறைக்குப் போகும் வழியில் மாவடிப்பள்ளியில் மா நிற்கின்றது. அக்கரைப்பற்றை அடுத்த ஆலையடிவேம்பில் வேம்பு நிற்கின்றது. இவற்றுள்ளே சாய்ந்தமருது என்னும் பெயர் மாத்திரம், நின்ற மரத்தை விடுத்துச் சாய்ந்த மரத்தை நினைவில் வைத்திருக்கின்றது. அந்த மருதைச் சாய்த்தது காற்றோ, வெள்ளமோ, முதுமையோ. பெயர் அதனைச் சொல்லவில்லை. மரங்கள் சாயும் என்பதை அறிந்த முன்னோர் அதனை ஊரின் பெயரிலேயே எழுதிவைத்தனர் என்று மட்டும் நாம் கொள்ளலாம்.

மரம் சாய்வதும் கொப்பு முறிவதும் காற்றின் தொழில் என்பது நாம் இளமை முதற் கற்ற பாடம். 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி இரவு இக்கரையைத் தாக்கிய சூறாவளியைக் கண்ணாற் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே உளர். ஒரே இரவிற் தென்னந்தோட்டங்கள் படுத்துவிட்டதை அவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர் பலர். அதனாலேயே கார்த்திகை பிறந்து கீழ்வானம் கறுத்தால் மரத்தடியில் வண்டியை நிறுத்தாது விடுகிறோம். கச்சான் காற்று உரத்து வீசும் நாட்களிற் பிள்ளைகளை மரத்தடியில் விளையாட விடாது அழைக்கிறோம். காற்று ஓய்ந்தவுடன் நமது அச்சமும் ஓய்ந்துவிடுகின்றது. ஈண்டு நாம் சொல்லப் புகுந்ததோ காற்று ஓய்ந்த பின் நிகழும் ஒரு காரியம். இலையொன்றும் அசையாத கோடை நண்பகலில், பச்சைப் பசேலெனத் தழைத்து நிற்கும் பெருங்கொப்பொன்று, முன்னறிவிப்பு எதுவுமின்றிச் சடாரென முறிந்து நிலத்தில் விழுவதுண்டு. முறிந்த இடத்தைப் பார்த்தால் உளுப்பு இராது, கறையான் இராது, வெண்மையான ஈர மரமே தெரியும். ஆங்கில நாட்டு மரவியலார் இதற்குக் கோடைக் கொப்பு வீழ்ச்சி என்று பொருள்படும் பெயரொன்றை இட்டுள்ளனர்.

இவ்விடயத்தை ஒரு விழா மலரிற் பேசுவது சிலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். காரணம் உண்டு. சென்ற ஆவணி விடுமுறையின்போது, நமது கல்லூரி முன்றிலில் நிற்கும் பெரிய வாகையின் தெற்குக் கொப்பு, காற்றில்லாத ஒரு பிற்பகலில் விழுந்தது. வளவிற் காவலாளியன்றி வேறெவரும் இல்லாமையால் ஒருவருக்கும் தீங்கில்லை. இரண்டு வாங்குகளும் துவிச்சக்கரவண்டிக் கொட்டகையின் கூரையும் நொறுங்கின. அதனையடுத்துக் கூடிய பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில், விழாவுக்கு முன்னர் அம்மரத்தை அடியோடு தறித்துவிட வேண்டும் என்று ஒரு சாராரும், அம்மரத்தின் இலையிலும் கைவைக்கலாகாது என்று மற்றொரு சாராரும் நெடுநேரம் வாதிட்டனர். இரு சாராரும் அம்மரத்தடியில் அமர்ந்து படித்தவர்களே. தறிக்க வேண்டும் என்போர் பிள்ளைகளின் உயிரைப் பேசினர். தறிக்கலாகாது என்போர் நிழலையும் நினைவையும் பேசினர். கொப்பு ஏன் விழுந்தது என்பதை எவரும் பேசவில்லை. அதனைப் பேசாமல் இவ்வழக்கைத் தீர்க்க இயலாது என்பது நமது துணிபு.

இந்நிகழ்ச்சி நமது வாகைக்கு மட்டும் உரிய குற்றமன்று. இங்கிலாந்தில் எல்ம் என்னும் மரம் காற்றில்லா வேளையிற் கொப்பைப் போடுவதில் நெடுங்காலமாகப் பெயர் பெற்றிருந்தது. 1970களிற் பரவிய பூசண நோயால் அந்நாட்டு எல்ம் மரங்களிற் பெரும்பாலானவை அழிந்தபின்னர், ஓக், பீச் முதலிய ஏனைய மரங்களும் அதே செயலைச் செய்வது அங்குள்ளோருக்குத் தெரிந்தே இருக்கின்றது. அவுஸ்திரேலியாவில் ஆற்றங்கரைகளில் வளரும் செந்நிற யூக்கலிப்டஸ் மரத்தின் அடியிற் கூடாரம் அடிக்க வேண்டாமென்று பூங்காக்களை ஆளுவோர் பயணிகளை எச்சரிக்கின்றனர். இதே மரத்தையே நமது நாட்டின் உலர் வலயத்திலும் வனத்திணைக்களத்தார் நட்டிருக்கின்றனர் என்பதை இவ்விடத்தில் நினைத்துக்கொள்வது நன்று. உலகப்புகழ் பெற்ற இலண்டன் கியூ தாவரவியற் பூங்காவில், 2012 செப்டெம்பரில், லெபனான் தேவதாருவின் கொப்பொன்று வீழ்ந்து இளம்பெண் ஒருவர் உயிரிழந்தார். 2014இல் நடந்த மரண விசாரணையில் இக்கோடை வீழ்ச்சியும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது. மரங்களையே தொழிலாகக் கொண்டு, மரநூல் வல்லார் பலரை வைத்திருக்கும் இடத்தில் இது நேர்ந்தது என்றால், ஒரு தோட்டக்காரரும் ஒரு மண்வெட்டியும் மாத்திரம் உள்ள பாடசாலை வளவில் நேர்வதில் வியப்பென்ன?

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் மரவளர்ப்புத் துறையிற் பணியாற்றிய றிச்சட் ஹரிஸ் என்பவர் இதனை ஆராய்ந்து எழுதியவர்களுள் முன்னோடி. மரவளர்ப்புப் பற்றிய அவரது பெருநூல் 1983இல் வெளிவந்தது. அவரும் அவர்பின் வந்தோரும் கண்டவற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் ஒழுங்கு புலப்படும். விழுவன பெரும்பாலும் முதிர்ந்த மரங்களின் கொப்புகள். அவையும் மேல்நோக்கி எழுந்தவையல்ல. கிடையாக நெடுந்தூரம் நீண்டு, மற்றைக் கொப்புகளின் எல்லையைத் தாண்டி வெளியே தலைநீட்டியவை. முறிவு அடிமரத்தோடு சேரும் மூட்டில் நேர்வது குறைவு. மூட்டிலிருந்து சில அடிகள் தள்ளியே நேர்கின்றது. வேளை, வெப்பம் மிகுந்து காற்று அடங்கிய பிற்பகல். நெடிய வறட்சியின்பின் ஒரு மழை பெய்து ஓய்ந்த நாட்களிலும் இது நிகழ்வதுண்டு.

காரணம் யாது என்பதில் அறிஞர் இன்னும் ஒருமனப்படவில்லை. ஒரு சாரார் நீரைக் காரணங் காட்டுவர். பச்சை மரத்தின் எடையிற் பாதியளவு நீராகவே இருக்கக் கூடும். வெயில் கடுமையாகும்போது இலைகள் தம் நுண்டுளைகளை மூடிக்கொள்ள, நீர் ஆவியாக வெளியேறுவது குறைகின்றது. வேரோ நீரை மேலே அனுப்பிக்கொண்டே இருக்கின்றது. ஆகவே கொப்பின் பாரம் கூடுகின்றது என்பது அவர் கொள்கை. வேறொரு சாரார் மரநாரின் தளர்ச்சியைக் காட்டுவர். இதனை விளங்கிக்கொள்ள மரநூல் வேண்டியதில்லை. பழைய ஓட்டு வீட்டின் வளையைப் பார்த்தாற் போதும். நேராகச் சீவி ஏற்றிய வளை நாற்பது ஆண்டில் நடுவிலே தொய்ந்து நிற்பதை ஒவ்வோர் ஓடாவியும் அறிவார். அதன்மேற் புதுப்பாரம் எதனையும் எவரும் வைக்கவில்லை. ஒரே பாரத்தை ஓயாது சுமந்ததே அதனை வளைத்தது. உயிருள்ள கொப்பும் இரவு பகலாகத் தன்னைத் தானே சுமக்கின்றது. வளையைப் போலன்றி, ஆண்டுதோறும் தன் பாரத்தையும் நீளத்தையும் கூட்டிக்கொண்டே சுமக்கின்றது. நார்களிடையே உள்ளே தோன்றும் மயிரிழை வெடிப்பு வெளித்தோலில் தெரிவதில்லை. மூன்றாஞ் சாரார், நலமான கொப்பு என்று நாம் கருதுவனவற்றுட் பல உண்மையில் நலமானவையல்ல, பழைய வெட்டுக்காயமோ மறைந்த உளுப்போ உள்ளே இருந்திருக்கும் என்பர். இம்மூன்றும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல. ஓரிடத்தில் ஒன்றும் வேறோரிடத்தில் மற்றொன்றும், சிலவிடத்து மூன்றும் சேர்ந்தும் வேலை செய்யலாம்.

காற்று ஏன் தள்ளாமலே முறிகின்றது என்று வினவுவோருக்கு ஒரு சிறு கணக்கு. ஒரு பாரம் மூட்டிலிருந்து 5 அடி தூரத்திற் தொங்குவதற்கும் 20 அடி தூரத்திற் தொங்குவதற்கும் உள்ள வேறுபாடு நான்கு மடங்கு. தராசுப் பாடத்தை ஆறாம் வகுப்பிற் படித்தவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டா. வீட்டுப் பெண்கள் இதனைத் தராசின்றியே அறிவர். காய்த்துத் தொங்கும் முருங்கைக் கொப்பு காற்றின்றி முறிந்து கிணற்றடியிற் கிடப்பதை விடியற்காலையிற் காணாத வீடு இக்கரையில் உண்டோ? மாங்காய்க் காலத்திற் கவட்டுத்தடி ஊன்றிக் கொப்புக்கு முட்டுக் கொடுப்பதும் நாம் பார்த்துப் பழகிய காட்சிதான். முருங்கையிலும் மாவிலும் கண்டறிந்த உண்மையைப் பெருமரத்திற் காண மறுக்கிறோம். அது பெரிது, ஆகவே வலிது என்று நம்பிவிடுகிறோம்.

வாகையைப் பற்றித் தனியே ஒரு சொல். வெற்றி பெற்ற வீரர் சூடினர் என்று நமது இலக்கிய ஆசிரியர்கள் பெருமையோடு சொல்லிக் கொடுத்த வாகை இதுவன்று. இது தூங்குவாகை, மழைமரம் என்றும் சொல்வர், சிங்கள மக்கள் மாரா என்பர். அமெரிக்காவின் வெப்ப நாடுகளிலிருந்து ஆங்கிலேயர் காலத்தில் வந்த விருந்தாளி. அந்தியிலும் மழைமுகிலிலும் இலை கூப்பும். இனிப்பான காயை மாடுகள் விரும்பித் தின்னும். குடைபோல் விரிந்து 100 அடி அகலத்துக்கும் நிழல் பரப்பும். அந்த அகலந்தான் அதன் அழகு. அந்த அகலந்தான் அதன் அபாயமும். ஆலமரமும் அவ்வாறே அகல்கின்றது. ஆனால் ஆல் தான் நீட்டிய ஒவ்வொரு கொப்புக்கும் விழுதை இறக்கித் தானே முட்டுக் கொடுத்துக்கொள்கின்றது. கல்கத்தாவை அடுத்த தாவரவியற் பூங்காவிலுள்ள பேராலமரத்தின் தாய்மரம் பூசணத்தாற் பழுதுற, 1925இல் அதனை அகற்றிவிட்டனர். விழுதுகளே இன்றுவரை அம்மரத்தைத் தாங்கி நிற்கின்றன. வாகைக்கு விழுதில்லை. அதற்கு விழுதாக நிற்கவேண்டியவர் அதன் நிழலை உண்பவரே.

இனி, நாம் முதன்மையாகச் சொல்ல விரும்பும் விடயத்துக்கு வருகிறோம். சூறாவளி வரும் நாளில் மரத்தடியில் எவரும் இருப்பதில்லை. ஆகவே அன்று விழும் கொப்பு பெரும்பாலும் வெறுநிலத்தில் விழுகின்றது. கோடைக் கொப்போ, வெயில் உச்சங்கொண்டு காற்றடங்கிய வேளையில் விழுகின்றது. மனிதர் நிழலைத் தேடி ஓடுவதும் அதே வேளையில். மரம் தன் கொப்பைக் கைவிடக் கூடிய நேரமும் நாம் அதனடியிற் கூடும் நேரமும் ஒன்றாய் அமைந்துவிட்டன. இவ்விடர் சிறிதாயினும் வேறாகக் கருதற்பாலது என்று நாம் சொல்வது இதனாலேயே.

கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் எந்தப் பாடசாலை வாயிலிலேனும் பிற்பகல் ஒன்றரை மணிக்குச் சற்று முன்னர் நின்று பாருங்கள். முச்சக்கர வண்டிகள் வரிசையாக நிற்கும். மோட்டார் சைக்கிள்களில் தந்தைமார் இருப்பர். குடையை மடக்கிவிட்டுத் தாய்மார் நிற்பர். ஐஸ் பழ வண்டிக்காரர் மணியடித்துக்கொண்டிருப்பார். அத்தனை பேரும் மதிலுக்கு வெளியே தெருவை நோக்கி நீண்ட ஒரே கொப்பின் கீழே நிற்பர். அக்கொப்பு ஏன் தெருவை நோக்கி நீண்டது? உட்புறம் கட்டடம் தடுத்தது. வெளிப்புறம் ஒளி அழைத்தது. மரம் ஒளியை நாடி அதிக தூரம் நீட்டிய கொப்பையே நாம் நிழலை நாடித் தேர்ந்து நிற்கிறோம். மணி அடிக்கின்றது. ஆயிரம் பிள்ளைகள் வெளியே வருகின்றனர்.

பாடசாலை மட்டுமன்று. வைகாசியிற் காரைதீவுக் கண்ணகை அம்மன் குளிர்த்திக்கும், புரட்டாதியிற் பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் தீமிதிப்புக்கும், ஆண்டுதோறும் கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசற் கொடியேற்றத்துக்கும் திரளும் சனங்கள் வெயில் ஏற ஏற மர நிழலுக்கே ஒதுங்குவர். பொங்கும் பானையும் கந்தூரிக் கிடாரமும் மரத்தடியிலேயே அடுப்பேறும்.

பழங்காலத்தார் இதற்கு ஒரு வழி வைத்திருந்தனர். உச்சிப் பொழுதிற் பெருமரத்தடியில் நிற்காதே, பேய் அடிக்கும், முனி பிடிக்கும் என்று நமது பாட்டிமார் அதட்டினர். முஸ்லிம் வீடுகளில் அதே நேரத்துக்கு அதே மரத்தடியில் ஜின் இருந்தது. புளியமரமும் ஆலமரமும் அரசமரமும் இவ்வகையிற் காவல் பெற்றிருந்தன. கொப்பு முறிவதைக் கண்டு அஞ்சிய எவரோ இக்கதையைக் கட்டினார் என்று நாம் வாதிடவில்லை. அப்படிச் சொல்வதற்குச் சான்றில்லை. ஆயினும் அவ்வச்சம், காரணம் எதுவாயினும், குழந்தைகளை உச்சி வேளையில் மரத்தடியிலிருந்து விலக்கி வைத்தது. கல்லூரிகள் தோன்றி நாம் விஞ்ஞானம் படித்தோம், பேயை ஓட்டினோம், அது தக்கதே. பேய் இருந்த இடத்தில் அறிவை வைத்தோமா என்றால், ஒரு கொங்கிறீற்று வாங்கை வைத்தோம், அதில் நன்கொடையாளரின் பெயரையும் பொறித்தோம். நமது சங்கமும் இக்கொடையில் எவருக்கும் பின்னின்றதில்லை.

அப்படியாயின் மரத்தைத் தறித்துவிடலாமே என்போருக்கு மறுமொழி கூற வேண்டும். மரம் விழுந்து ஒருவர் மாளும் இடர் உண்மையில் மிகச் சிறிது. பிரித்தானியாவில் மரப்பாதுகாப்புக்கென அமைந்த தேசியக் குழுவினர் 2011இல் வெளியிட்ட கணக்கின்படி, அந்நாட்டில் ஓராண்டில் ஒருவர் மரத்தாலோ கொப்பாலோ மாளக்கூடிய வாய்ப்பு ஏறத்தாழ ஒரு கோடியில் ஒன்று. நமது கரையில் வெயில் செய்யும் தீங்கு, கொப்பு செய்யும் தீங்கிற் பன்மடங்கு பெரிது என்பதைப் பங்குனி சித்திரையில் மணற்றரையில் வெறுங்காலோடு நடந்தவர் அறிவர். 1978இன் சூறாவளி ஒருமுறை இக்கரையை மொட்டையாக்கியது. 2004 டிசெம்பர் 26இன் கடற்கோள் கடலோரத்தை மற்றொருமுறை வெறுமையாக்கியது. இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டந்தான். சூறாவளியின்பின் நட்ட கன்றுகள் இப்போதுதான் நாற்பது வயது கடந்து, நிழல் என்று சொல்லத்தக்க நிழலைத் தருகின்றன. அவற்றைத் தறிப்பது ஒரு பிற்பகல் வேலை. அந்நிழலை மீளப் பெறுவது நமது பேரப்பிள்ளைகளின் காலத்திலும் ஐயமே.

ஆனால், தறிக்கலாகாது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகும் நண்பர்களோடும் நமக்கு உடன்பாடில்லை. மரத்தை மதித்தல் வேறு. மரத்தைப் பார்த்தல் வேறு. 2022 யூலை 8ஆந் திகதி இந்தியாவின் சண்டிகார் நகரிற் பெண்கள் பாடசாலை ஒன்றில், இடைவேளை நேரத்தில், ஏறக்குறைய 250 ஆண்டுப் பழமையுடையதெனப்பட்ட அரசமரம் மாணவியர் மேற் சரிந்தது. ஒரு மாணவி உயிரிழந்தாள், பலர் காயமுற்றனர். அம்மரம் அந்நகரின் மரபுமரங்களின் பட்டியலில் இடம்பெற்ற மரம். நமது நாட்டிலும் 2023 ஆகஸ்டிற் கம்பளையிற் பெண்கள் பாடசாலை ஒன்றின் வளவில் மரம் சாய்ந்து ஐந்து வயதுக் குழந்தை ஒன்று மாண்டது. இவை கொப்பு முறிவுகள் அல்ல, மரமே சாய்ந்தவை என்பது உண்மை. நாம் பேசும் விடயத்தின் உடன்பிறப்புக்கள் என்பதும் உண்மை. பட்டியலில் ஏற்றுவதும், பொட்டிட்டு மாலை சூட்டுவதும், பட்டுத்துணி சுற்றுவதும் மரத்துக்குச் செய்யும் மரியாதை. அண்ணாந்து பார்ப்பதற்கு ஓர் ஆள் வேண்டும்.

அவ்வாள் யார்? இவ்வினாவுக்குத்தான் நமது ஊர்களில் விடையில்லை. தெருவோர மரத்துக்கு மாநகர சபை வீதி அதிகாரசபையைக் காட்டும். வீதி அதிகாரசபை மின்சார சபையைக் காட்டும். மின்சார சபையோ தன் கம்பிக்குத் தடையான பாகத்தை மாத்திரம் நறுக்கிவிட்டுச் செல்லும். பலாவும் பெண்பனையும் போன்ற மரங்களைத் தறிக்க அனுமதி பெறவேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் கூறுகின்றது. 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் கீழ், விழுந்து தீங்கு விளைக்கக் கூடிய மரத்தை அகற்றுமாறோ அதற்கு முட்டுக் கொடுக்குமாறோ நீதவான் கட்டளையிடலாம். முட்டுக் கொடுத்தல் என்பதைச் சட்டம் மறக்கவில்லை, நாம் மறந்தோம். அகற்றல் என்ற ஒரு சொல்லையே எல்லோரும் படித்திருக்கிறோம்.

தறிப்புக்கும் சும்மா இருப்பதற்கும் நடுவே செய்யத்தக்கன பலவுள. அவற்றுள் மிக மலிவானது வாங்கை நகர்த்துவது. வாகையின் நீண்ட கொப்புகளின் கீழிருந்து வாங்குகளையும் தண்ணீர்க் குழாயையும் துவிச்சக்கரவண்டிக் கொட்டகையையும் அப்புறப்படுத்தி, அவ்விடத்திற் பூஞ்செடிகளை நட்டுவிட்டால், விழும் கொப்பு செடியின்மேல் விழும். வாயிலிற் காத்திருப்போருக்குத் தகரக் கூரையிட்ட ஒரு தாழ்வாரம் அமைத்துக் கொடுப்பதற்கு விழாக் கணக்கில் ஒரு சிறு பகுதி போதும். காலை வேளையில் மரத்தடி வகுப்பு நடத்துவதை நாம் தடுக்கவில்லை. பன்னிரண்டு மணிக்குப் பின்னர் நடத்துவதையும், வறட்சியின்பின் முதல்மழை பெய்த வாரத்தில் நடத்துவதையுமே வேண்டாமென்கிறோம். சித்திரை இடிமழைக்கும் ஐப்பசி முதல்மழைக்கும் பின்னர் வரும் காற்றற்ற வெயில் நாட்கள் விழிப்பாயிருக்க வேண்டிய நாட்கள்.

அடுத்தது கொப்பைக் குறைத்தல். குறைத்தல் என்றதும் நம்மவர் மரத்தின் தலையை மொட்டையடித்துவிடுவர். இதனிற் பெருங்கேடு வேறில்லை. மொட்டையடித்த இடத்திற் கொத்துக்கொத்தாக எழும் புதுத் தளிர்கள் தாய்மரத்தின் உள்ளிருந்து எழுவனவல்ல. தோலின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு எழுவன. பத்து ஆண்டில் அவை தொடையளவு பருத்து, வெட்டுவாயில் உளுப்பும் ஏறியபின்னர், இன்று விழுந்ததிலும் எளிதாக விழும். 1978இற் தலை முறிந்து தழைத்த பழைய மரங்களை இக்கண்கொண்டு பார்க்க வேண்டும். செய்யவேண்டியது, வெளியே தலைநீட்டிய கொப்பை ஒரு பக்கக் கொப்பு பிரியும் இடம்வரை பின்னிழுத்து வெட்டி, அதன் நீளத்தைக் குறைப்பது. முன்னர் சொன்ன தராசுக் கணக்கின்படி, நுனியிற் சில அடிகளைக் குறைத்தாலே மூட்டின் சுமை பெரிதும் இறங்கும். ஒரே முறையிற் பெரும்பகுதியை வெட்டாது இரண்டு மூன்று ஆண்டுகளில் நிதானமாகச் செய்ய வேண்டும். கோடரியோடு வந்து விறகுக் கணக்கிற் கூலி பேசுபவரிடம் இவ்வேலையைக் கொடுக்கலாகாது. விறகு கூடினால் அவருக்கு இலாபம்.

வேரையும் மறத்தலாகாது. மரத்தைச் சுற்றி மேடை கட்டி, மண் நிரப்பி, ஓடு பதிப்பது இப்போது நமது ஊர்களிற் பெருகிவரும் வழக்கம். பார்வைக்கு அழகு. கடற்கரை மணலில் மேலோட்டமாகவே ஓடும் வேருக்கு அது நீரும் காற்றும் புகாத சமாதி. வேர் நலிந்தாற் கொப்பும் நலியும்.

ஆண்டுக்கு இருமுறை, பங்குனியில் வெயில் ஏறுமுன்னும் புரட்டாதியில் மாரி தொடங்குமுன்னும், பொறுப்புள்ள ஆசிரியர் ஒருவர் உயர்வகுப்பு மாணவர் சிலரோடு ஒவ்வொரு மரத்தையும் சுற்றிவந்து ஒரு புத்தகத்தில் எழுதி வைத்தல் வேண்டும். கிடையாக நீண்டவை எவை, கவரில் இரு கொப்புகள் நெருங்கித் தோல் உட்புகுந்தவை எவை, அடியிற் காளான் கண்டவை எவை, புதிய வெடிப்பு எங்கே, சென்றமுறை இல்லாத வீக்கம் எங்கே என்று பார்த்தாற் போதும். தாவரவியற் பாடத்துக்கு இதனிலும் நல்ல செய்முறை வேறெது? ஐயம் தோன்றுமிடத்துச் சம்மாந்துறையில் இயங்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடத்தின் உயிரியலாரை அழைத்துக் கேட்கலாம். அங்கே நமது பழைய மாணவரும் படிக்கின்றனர். எல்லாக் கொப்பையும் முன்கூட்டிக் கண்டுபிடிக்க இயலாது என்பதை ஒப்புகிறோம். அதனாலேயே வாங்கை நகர்த்துவதை முதலிலே வைத்தோம்.

விழாவை முன்னிட்டு நூறு கன்றுகள் நடுவதென்று குழுவினர் தீர்மானித்திருக்கின்றனர், வரவேற்கிறோம். நூறையும் வாகையாக நட்டுவிடாமல் இருக்க வேண்டும் என்பது நமது விண்ணப்பம். விரைவில் நிழல் தரும் மரம் விரைவிற் கொப்பையும் நீட்டும். வாயிலருகே வேம்பும், வடிகாலை ஒட்டி ஈரம் நிற்கும் மேற்கெல்லையில் மருதும், விளையாட்டு மைதானத்தின் தூரக் கோடியில் வேண்டுமாயின் இரண்டொரு வாகையும் நடலாம். கட்டடத்துக்கும் கன்றுக்கும் இடையே அம்மரம் முதிர்ந்தபின் வேண்டிய இடத்தை இப்போதே அளந்து விட வேண்டும்; இடமிருந்தால் மரம் ஒருபுறம் சாய்ந்து நீளாது. பழைய வாகையின் வடக்குக் கொப்பும் தெற்குக் கொப்பைப் போன்றே நீண்டு, சிற்றுண்டிச்சாலையின் கூரைக்கு மேலே நிற்கின்றது. விழாக்குழுவின் அடுத்த கூட்டம் மாசிக்குள் கூடி, அதனைக் குறைக்கும் செலவை வரவுசெலவுத் திட்டத்திற் சேர்க்குமாயின், வெயில் ஏறுமுன்னர் வேலையை முடித்துவிடலாம்.